நம் வாயைப் பார்த்து எழுதிய ஆய்வுகள்

(இரத்தினபுரியில் ஆசிரியர்களும் தோட்டச் சுகாதார ஊழியர்களும் தொழிலாளர் குடும்பத்தாரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பேராசிரியர் சமன் வர்ணகுலசூரிய என்ற புற்றுநோய் ஆய்வாளரின் எழுத்துகளும் அவை உலக மருத்துவத்தில் உண்டாக்கிய தாக்கமும். கொழுந்தெடுப்பவர்களும் பால் வெட்டுபவர்களும் அமர்ந்திருக்கும் அவையில் ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றி ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. அவருடைய முக்கியமான கட்டுரைகளில் பல, உங்களைப் போன்ற இலங்கைக் கிராமத்து மக்களும் தோட்டத்து மக்களும் ஒரு சுகாதார ஊழியர் முன்னால் வாயைத் திறந்து காட்டியதால் எழுதப்பட்டவை. அவற்றுள் சில நம்முடைய சப்ரகமுவ மாகாணத்திலேயே நடந்த ஆய்வுகள். நம்மைப் பற்றி எழுதப்பட்டதை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஓர் ஆய்வை எத்தனை அறிஞர்கள் மேற்கோள் காட்டினார்கள் என்பது அதன் மதிப்பில் பாதி. யாருடைய வாயைப் பார்த்து அது எழுதப்பட்டதோ, அவர்கள் வீட்டு வாசலுக்கு அது திரும்பி வந்ததா என்பது மறுபாதி. முதல் பாதியில் இந்த ஆய்வுகள் உலக அளவில் வென்றுவிட்டன. இரண்டாவது பாதி இன்னும் கடனாக நிற்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி அதை விரிக்கிறேன்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்துகிறேன். வர்ணகுலசூரிய பேராதனையில் பல் மருத்துவம் படித்தவர். பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வாய் மருத்துவப் பேராசிரியரானார். வாய்ப் புற்றுநோய்க்காக உலக சுகாதார நிறுவனம் அங்கே அமைத்த ஒத்துழைப்பு மையத்தை நெடுங்காலம் நடத்தினார். வாய்ப் புற்றுநோய் உலகில் எங்கே, யாருக்கு, எவ்வளவு வருகிறது என்று அவர் 2009இல் 'ஓரல் ஒன்கொலஜி' என்ற ஆய்விதழில் எழுதிய கட்டுரையை ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓர் ஆய்வாளர் தன் கட்டுரையை எழுதும்போது, முன்னால் எழுதியவர்களில் யாருடைய முடிவின் மேல் தான் நிற்கிறேன் என்று குறிப்பிடுவார். அப்படிக் குறிப்பிடப்படும் எண்ணிக்கையை வைத்துத்தான் கல்வி உலகம் ஓர் ஆய்வின் செல்வாக்கை அளக்கிறது. அந்த அளவுகோலில் இந்தத் துறையில் மிக உயரத்தில் நிற்கும் பெயர்களில் ஒன்று, இலங்கையிலிருந்து போன இந்தப் பெயர்.

ஆனால் இந்தக் கதை அவரோடு தொடங்கவில்லை. 1949இலேயே டபிள்யு. பாலேந்திரா என்பவர் பிரித்தானியப் பல் மருத்துவ இதழில், வெற்றிலை மெல்லுவதால் பல்லுக்கும் வாய்ச் சதைக்கும் என்ன நேர்கிறது, கன்னப் புற்றுநோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று எழுதினார். நாடு சுதந்திரம் பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1966இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயாமா, மத்திய ஆசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாய்ப் புற்றுநோய் பரவியிருக்கும் விதத்தை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதியபோது இலங்கையும் அதில் இடம்பெற்றது. நோய் இருக்கிறது, காரணம் வெற்றிலைத் தட்டில் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: வைத்தியர் எட்டாத இடத்தில் இருக்கும் மனிதரின் வாயில் நோயை முன்கூட்டியே யார் பார்ப்பது?

அந்தக் கேள்விக்கு விடை தேடிய கட்டுரை 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் செய்தி இதழில் வந்தது. வர்ணகுலசூரியவோடு ஏகநாயக்க, சிவயோகம் என இந்த நாட்டவர்களும், டென்மார்க்கின் புகழ்பெற்ற வாய் நோயியல் அறிஞர் பின்ட்போர்க் போன்றவர்களும் சேர்ந்து எழுதினார்கள். அவர்கள் செய்த காரியம் எளிமையானது, துணிச்சலானது. வீடு வீடாகப் போகும் ஆரம்ப சுகாதார ஊழியர்கள் 34 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாயை எப்படிப் பார்ப்பது, எந்த வெள்ளைத் திட்டு, எந்தச் சிவப்புத் திட்டு சந்தேகத்துக்குரியது என்று குறுகிய காலப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த 34 பேரும் ஓராண்டில் 28,295 பேரின் வாயைப் பார்த்தார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. வெளிச்சமும் கண்ணும் பயிற்சியும்தான்.

இந்த 28,295 பேரில் 1,220 பேரை, "உங்கள் வாயில் ஒரு மாற்றம் இருக்கிறது, வைத்தியரிடம் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஊழியர்கள் கண்டது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பட்டம் பெற்ற வைத்தியர் இல்லாத இடத்திலும், பயிற்சி பெற்ற ஒரு குடும்பநல உத்தியோகத்தர் உயிர் காக்க முடியும் என்பதற்கு எண்ணிக்கையோடு கிடைத்த சான்று அது. 1991இல் வெளிவந்த அடுத்த ஆய்வில் 57,124 பேரைப் பார்த்தார்கள். முடிவு மேலும் உறுதியானது.

இங்கே இருக்கும் சுகாதார ஊழியச் சகோதரிகளே, இதை மனதில் வையுங்கள். உங்கள் வேலையைச் செய்தவர்களின் கண்பார்வைதான் உலக இலக்கியத்தில் ஏறியது. அதற்குப் பிறகு உலகம் கேட்ட கேள்வி: சரி, கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால் சாவு குறையுமா? அதற்கு விடை கடலுக்கு அப்பால், கேரளத்தில் கிடைத்தது. ரெங்கசாமி சங்கரநாராயணனும் அவருடைய குழுவினரும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் பயிற்சி பெற்ற ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி வாயைப் பார்க்கச் செய்தார்கள். மொத்தம் 1,90,000க்கும் மேற்பட்டோர் அந்த ஆய்வில் இருந்தார்கள். 2005இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே, வாயைப் பார்த்த பகுதியில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே எல்லோரையும் பார்ப்பதைவிட, பழக்கம் உள்ளவர்களைத் தேடிப் பார்ப்பதில்தான் பலன் அதிகம். தாய்வானில் புகைப்பவர்கள், வெற்றிலை பாக்கு மெல்லுபவர்கள் என 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் வாயை அரசே பார்த்த திட்டத்திலும் சாவு குறைந்ததை 2017இல் எழுதினார்கள்.

இரண்டாவது பெரிய பங்களிப்புக்கு வருகிறேன். அது பாக்கைப் பற்றியது. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் நம் லயத்து வாசல்களில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "நான் பொயிலை போடுறதில்லீங்க, வெறும் வெத்தலையும் பாக்கும்தான்." பொயிலை இல்லாவிட்டால் பயமில்லை என்பது பல காலமாக நம்மிடம் இருக்கும் நம்பிக்கை. உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவர் நிலையம் 1985இல் வெற்றிலையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னபோது, புகையிலை சேர்ந்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்றது. புகையிலை சேராத வெற்றிலையைப் பற்றிச் சொல்ல அன்றைக்குச் சான்று போதவில்லை.

சான்றுகள் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1997இல் வர்ணகுலசூரியவும் அவருடைய சகாக்களும் 'லான்செட்' இதழில், பாக்குப் பொருள்களில் இருக்கும் செம்பின் அளவையும் வாய் இறுகும் நோயையும் தொடர்புபடுத்தி எழுதினார்கள். பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருள் கன்னத்துக்கு அடியில் நார்ச்சதையை அளவுக்கு மீறி வளரச் செய்கிறது. செம்பு அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கும் நொதியைத் தூண்டுகிறது. சிரட்டையில் வடிந்த ரப்பர்ப் பால் உறைந்து இறுகுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதுபோலக் கன்னத்தின் மென்மை போய் அது இறுகிவிடுகிறது. முதலில் மிளகாய் பட்டால் எரியும். பிறகு வாய் அகலத் திறக்காது. பிறகு சோற்று உருண்டை நுழையாது. 1952இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்த நோயை முதலில் விவரித்தார்கள். பின்னாளில் அதன் வேர் பாக்கில் இருப்பது தெளிவானது. இறுகிய அந்த வாயில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வர்ணகுலசூரியவும் சகாக்களும் எழுதிய தலையங்கம் நேரடியாகவே சொன்னது: பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். 2003 ஜூனில் பிரான்ஸின் லியோன் நகரில் சர்வதேச நிபுணர்கள் மீண்டும் கூடி, எல்லாச் சான்றுகளையும் எடைபோட்டு, 1985இன் நிலையை மாற்றினார்கள். புகையிலை சேராத வெற்றிலையும் புற்றுநோய் தரும், பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோய் தரும் என்று முதல் வகுப்பில் சேர்த்தார்கள். அந்த நூல் 2004இல் வெளிவந்தது. ஆகவே, "வெறும் பாக்குத்தானே" என்ற சொல்லுக்கு இனி மருத்துவத்தில் இடமில்லை. உலகில் ஏறத்தாழ 60 கோடிப் பேர் பாக்கு மெல்லுகிறார்கள் என்பது ஒரு மதிப்பீடு. அத்தனை பேருக்கும் பொருந்தும் எச்சரிக்கை இது.

மூன்றாவது, புற்றுநோய்க்கு முந்திய நிலைகளை உலகம் எப்படி வகைப்படுத்த வேண்டும் என்று வர்ணகுலசூரிய முன்னின்று செய்த வேலை. 2005இல் லண்டனில் நிபுணர்களைக் கூட்டிப் பேசி, 2007இல் முடிவை வெளியிட்டார்கள்; பின்னர் 2020இல் அதைப் புதுப்பித்தார்கள். அதன் சாரத்தை ஒரே வரியில் சொல்கிறேன். வெள்ளைத் திட்டு வந்தவர் எல்லோருக்கும் புற்றுநோய் வராது. ஆனால் திட்டு வந்தவருக்கு அந்த இடத்தில் மட்டுமல்ல, வாயின் வேறு இடத்திலும் புற்றுநோய் வரலாம். ஆகவே திட்டைக் கண்டு நடுங்கவும் கூடாது, ஒரு முறை காட்டிவிட்டு மறந்துவிடவும் கூடாது. வைத்தியர் சொல்லும் தவணைக்குத் தவறாமல் போக வேண்டும்.

இப்போது நம் மாகாணத்துக்கு வருகிறேன். 2006 முதல் 2007 வரை, ஹேமந்த அமரசிங்க என்ற பல் பொதுச் சுகாதார ஆய்வாளர், வர்ணகுலசூரியவும் நியூவெல் ஜோன்சனும் துணைநிற்க, சப்ரகமுவவில் ஓர் ஆய்வு நடத்தினார். முப்பது வயதைத் தாண்டிய 1,029 பேரை முறைப்படித் தேர்ந்தெடுத்து, பழக்கவழக்கங்களைக் கேட்டு, வாயைப் பார்த்தார்கள். மாகாணத்தின் மக்கள்தொகைக்கு ஏற்ப எடையிட்டுக் கணக்கிட்டபோது, புற்றுநோயாக மாறக்கூடிய நிலை 11.3 சதவீதம் பேரின் வாயில் இருந்தது. நூறு பேர் பிரட்டுக்கு நின்றால் அதில் பதினொரு பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2010இல் வந்த கட்டுரை, நாள்தோறும் வெற்றிலை மெல்லுபவருக்கு இந்த ஆபத்து ஏறத்தாழப் பத்து மடங்கு என்றது. புகையிலை சேர்க்காதவரும் தப்பவில்லை. மதுவும் சேர்ந்தால் ஆபத்து மேலும் ஏறியது.

இந்த ஆய்விலிருந்து இன்னும் இரண்டு கட்டுரைகள் 2010இலேயே வந்தன. ஒன்று, சில கேள்விகளை மட்டும் கேட்டு யார் வாயை முதலில் பார்க்க வேண்டும் என்று கண்டறியும் முறை. வயது, வாழ்க்கை வசதி, வெற்றிலை, மது, புகை ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு, கூடிய புள்ளி வந்தவரைப் பரிசோதனைக்கு அழைக்கலாம். ஆள்பலம் குறைந்த இடத்துக்கு ஏற்ற முறை இது. மற்றொன்று, மக்களுக்கு என்ன தெரியும் என்று பார்த்த கட்டுரை. வாய்ப் புற்றுநோய் என்று ஒன்று இருப்பது பெரும்பாலோருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முன்னால், வலியில்லாமல், குணப்படுத்தக்கூடிய ஒரு நிலை இருக்கிறது என்பது தெரிந்தவர்கள் சிறுபான்மையினர். இந்தக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரிவது இந்த முடிவுதான். மக்களுக்கு நோயின் பெயர் தெரிகிறது, பயம் இருக்கிறது. ஆனால் தப்பிக்கும் வாசல் எங்கே இருக்கிறது என்று சொல்லப்படவில்லை.

இப்போது 1984க்கு மீண்டும் போகிறேன். வைத்தியரிடம் போகச் சொன்ன 1,220 பேரில் உண்மையில் போனவர்கள் 660 பேர். மீதி 560 பேர் போகவில்லை. அந்த ஆய்விலேயே என் மனதை வருத்துவது இந்த 560தான். கண்டுபிடிக்கும் வேலையை ஊழியர்கள் சரியாகச் செய்தார்கள். கட்டுரை சரியாக எழுதப்பட்டது. உலகம் அதைப் படித்தது. ஆனால் கிட்டத்தட்ட பாதிப் பேர் வைத்தியர் வாசலுக்கு வரவில்லை.

ஏன் வருவதில்லை என்பதைத் தோட்டத்தில் பிறந்தவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வெள்ளைத் திட்டு வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் பேரை யார் இழப்பார்கள்? மலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டும். கிளினிக்கில் பேசும் மொழி விளங்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இத்தனையும் கூடி வந்தால்தான் ஒரு தாய் தன் வாயைக் காட்டப் புறப்பட முடியும். இந்தத் தடைகளை அப்படியே விட்டுவிட்டு, "மக்களுக்கு அக்கறை இல்லை" என்று சொல்வது அநியாயம்.

வெற்றிலையை வைத்து நம் மக்களைக் குறை சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். பனியிலும் மழையிலும் கொழுந்தெடுக்கும்போது பசியை ஆற்றியது அது. களைப்பை மறக்கச் செய்தது அது. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் விருந்தாளிக்கும் முதலில் வைத்தது அது. சிங்களக் கிராமத்திலும் புத்தாண்டுக்குப் பெரியவர் கையில் கொடுப்பது வெற்றிலைக் கற்றைதான். தட்டில் வைத்து மரியாதை செய்வது நம் பண்பாடு, அது இருக்கட்டும். காலை முதல் மாலை வரை கன்னத்தில் அடக்கி வைப்பதைத்தான் விட வேண்டும்.

அரசாங்கம் 2016இல் புகையற்ற புகையிலைக் கலவைகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தது. நல்ல சட்டம். ஆனால் பாக்கு கடையில் இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் மரத்திலும் இருக்கிறது. சட்டம் போகாத இடத்துக்கு அறிவுதான் போக வேண்டும்.

ஆகவே நான் நான்கு பேரிடம் நான்கு காரியங்களைக் கேட்கிறேன்.

தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கிறேன்: வாயில் திட்டு இருக்கிறது என்று சுகாதார ஊழியர் எழுதிக் கொடுத்தவருக்கு, வைத்தியசாலைக்குப் போகும் அன்றைக்குப் பேர் போடுங்கள். நோயை முன்பே கண்டால் சிறிய சிகிச்சை. பிந்தினால் தாடையை எடுக்கும் அறுவை. ஒரு நாள் பேர் அதற்கு முன்னால் மிகச் சிறிது.

தோட்ட மருத்துவ உதவியாளர்களிடமும் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் கேட்கிறேன்: கொழுந்து மடுவத்திலும் பிள்ளை மடுவத்திலும் பெண்கள் கூடும் நேரத்தில் வாயைப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் 34 பேர் செய்து காட்டியதுதான் இது. அனுப்பியவர் போய்வந்தாரா என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். போகாதவர் வீட்டுக்கு இன்னொரு முறை நடங்கள்.

ஆய்வாளர்களிடமும் மாணவர்களிடமும் கேட்கிறேன்: சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இன்று இந்த இரத்தினபுரியிலேயே இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே படிக்க வேண்டும். தோட்டத்தில் ஆய்வு செய்பவர் யாராக இருந்தாலும், முடிவை ஆங்கில ஆய்விதழுக்கு அனுப்பும் அதே மாதத்தில், அதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி அந்தத் தோட்டத்துப் பாடசாலையிலும் கோயிலிலும் படித்துக் காட்டுங்கள். அதுவும் ஆய்வின் ஒரு பகுதியே.

கடைசியாக உங்களிடம், அம்மாமாரே, ஐயாமாரே. மாதத்துக்கு ஒரு முறை கண்ணாடி முன்னால், நல்ல வெளிச்சத்தில், வாயைத் திறந்து கன்னம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, ஈறு எல்லாம் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா? இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா? மிளகாய்க் காரம் முன்பைவிட எரிகிறதா? உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியாமல் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் போங்கள். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கான பிரிவுகள் உண்டு. காசு கேட்க மாட்டார்கள். பாக்கை விடுவது எந்த வயதிலும் வீணாகாது. ஒரே நாளில் விட முடியாவிட்டால், இரவில் அடக்கிக்கொண்டு தூங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள், பிறகு ஒவ்வொரு வேளையாகக் குறையுங்கள். பிள்ளைகள் கையில் பாக்குப் பொட்டலத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

வர்ணகுலசூரியவும் அவரோடு உழைத்தவர்களும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அவர்களுடைய கட்டுரைகள் உலக நூலகங்களில் இருக்கும். அந்த அறிவுக்கு வாயைத் திறந்து கொடுத்தவர்கள் இந்த நாட்டு ஏழை மக்கள். அதன் பலன் அவர்களுடைய பிள்ளைகளுக்கு வந்து சேர வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வாயைப் பாருங்கள். பிறகு பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பாட்டியின் வாயையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.